பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர்

விமான மெக்கானிக் என்றால் ஊரில் பெரிய மரியாதை. ஆனால் பூச்சிமருந்து தெளிக்கும் குட்டி விமானத்தின் மெக்கானிக்குக்கு முக்கால்வாசி வேலை, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான். நடுரோட்டில் நின்றுபோன ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து உதைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஒரே வித்தியாசம், உங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. பயிரில் பூச்சி விழுந்தால் சர்க்கார் எங்கள் கம்பெனியைக் கூப்பிடும். அரக்கோணம் பக்கம், யுத்த காலத்தில் போட்ட பழைய ஓடுதளத்தில் கூடாரம் அடித்திருந்தோம். விமானம் ஓட்டியவர் கேப்டன் நாயுடு. பெட்ரோல், மெட்ராஸிலிருந்து லாரியில் டிரம் டிரம்மாக வரும்.

நெமிலி வயலில்

நெமிலி பக்கம் நெல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது எஞ்சின் இருமியது, அப்புறம் நின்றேவிட்டது. பனைமர உயரத்தில் யோசிக்க நேரம் ஏது? அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த ஒரு வயலைப் பார்த்து நாயுடு திருப்பினார். சக்கரங்கள் வரப்பில் மோதி மண்ணுக்குள் புதைந்தன. நான் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது அவர் இறக்கை நிழலில் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கார்புரேட்டரைத் திறந்தேன். அடியில் தண்ணீர். நீட்டிக் காட்டியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். வயலுக்குச் சொந்தக்காரர் வந்து விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், மருந்து தெளிக்கச் சொன்னா வண்டியையே நட்டுட்டீங்களே?"

கிணற்றடியில்

தண்ணீர் எப்படி வந்தது? டிரம்களைப் படுக்கவைத்திருந்தோம், மூடியெல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. கேப்டனும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டோம். மறுநாள் காலை வாட்ச்மேன் காசி, பெட்ரோல் ஊற்றும் புனலையும் கேனையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவதைப் பார்த்தேன். ஓடிப்போய், "யோவ், இன்னா பண்றே?" என்றேன்.

அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "ஆகாசத்துல போற வண்டியாச்சே சார், அழுக்கு பட்டுடப் போவுதுன்னு தெனம் நல்லா அலசித்தான் வெக்கிறேன்."

ஆம்பூர் தோல்

அதற்குப் பிறகு எந்த டிரம்மாக இருந்தாலும் தோலில் வடிகட்டாமல் டாங்கில் ஊற்றக்கூடாது என்றார் கேப்டன். அதற்கென்றே மெத்தென்ற ஒரு தோல் உண்டு. பெட்ரோலை விடும், தண்ணீரைத் தடுக்கும். எங்களிடமிருந்ததை எலி கடித்துவிட்டது. மெட்ராஸுக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பானேன், ஆம்பூரில் இல்லாத தோலா என்று ரயிலேறினேன். தோல் ஷாப் வைத்திருந்த ஒரு சாயபு, கையுறைக்குப் பதப்படுத்திய தோலில் ஒரு துண்டு கொடுத்தார். பூ மாதிரி இருந்தது.

நல்லவேளை, முதலில் ஒரு தகர டப்பாவில் வடித்துப் பார்த்தேன். தோலில் ஊறியிருந்த எண்ணெயையும் சாயத்தையும் கரைத்துக்கொண்டு பெட்ரோல் டீ நிறத்தில் இறங்கியது. தோல் காய்ந்து அப்பளமாகிவிட்டது. திரும்பவும் ரயிலேறிப் போய் அதை அவர் மேஜைமேல் வைத்தேன். சாயபு தட்டிப் பார்த்தார், டக் டக்கென்றது. "மெத்துனு வேணும்னு கேட்டீங்க, குடுத்தேன். அது பெட்ரோல் குடிக்கும்னு சொல்லவே இல்லியே, தோஸ்த்!"

மீன் எண்ணெயில் பதப்படுத்திய சரியான தோலை அவரே பக்கத்து ஷாப்பில் கேட்டு வாங்கித் தந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கலவையில் கம்பளிப்புழு

கலவை பக்கம் வேர்க்கடலையில் கம்பளிப்புழு இறங்கி, ஒரு நிலத்தைத் தின்று முடித்து அடுத்த நிலத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. நிலத்தை ஒட்டிய பொட்டலில் நாங்கள் போய் இறங்கிய அன்று பார்த்து, லாரியில் மழையில் நனைந்து வந்த டிரம்கள் எல்லாவற்றிலும் தண்ணீர். தோல் வழியாகப் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கியது. எதிரே பெண்கள் வரிசையாகக் குனிந்து, புழுவைக் கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கேப்டன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஆனால் "சீக்கிரம்" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

வெயில் சாயும்போதுதான் வண்டி தயாரானது. எல்லோரும் தள்ளிப்போங்கள் என்று கத்தினேன். வள்ளியம்மா என்ற பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, டப்பாவை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள். "நீ வடிகட்டி முடிக்கறதுக்குள்ள பாதி நெலத்தை நாங்களே பொறுக்கிட்டோம்பா, மிச்சப் புழுவைத்தான் உங்க ஏரோப்ளேனுக்கு வுட்டு வெச்சிருக்கோம்."

விமானத் தொழிலில் இருந்த அத்தனை வருஷத்திலும் நான் அண்ணாந்து பார்த்ததைவிடக் குனிந்து பார்த்ததுதான் ஜாஸ்தி.