கிறீச்சிடும் பூட்ஸ்

பம்மலில் ஒரு செருப்புப் பட்டறையில் வார் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது அந்தப் பாஸ்டரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். வெள்ளை அங்கியை இடுப்பில் செருகியிருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே பெரிய கட்டு. மோட்டார் சைக்கிள் கிக்கர் திருப்பி அடித்ததாம். சபையார் வசித்த சந்துகளில் வண்டி நுழையாது என்பதால், மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு வீடு வீடாக நடக்கவும் வேண்டும்.

பட்டறைக்காரர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். சத்தமே போடாத மெத்தென்ற தோல் பூட்ஸ் கணுக்காலோடு நின்றுவிட்டது. கெண்டைக்கால்வரை ஏறிய தடித்த பூட்ஸ், அடிக்கு அடி கிறீச்சிட்டது. பாஸ்டர் இரண்டையும் போட்டு நடந்தார், காற்றில் உதைத்தார், கண்ணை மூடி முழங்காலிட்டும் பார்த்தார்.

“என்னப்பா இது, நான் வர்றது தெருமுனையிலயே தெரிஞ்சிடுமே?”

“காலுக்கு இதான் ஐயா சேஃப்டி” என்ற பட்டறைக்காரர், என் பக்கம் குனிந்து, “எங்களுக்கும்தான் சார். நானும் அவரு சபைதான். திடுதிப்புனு வந்து நின்னாருன்னா சீட்டுக்கட்ட எங்க ஒளிக்கறது? பேஜாரா பூடும்” என்றார்.

பாஸ்டர் கிறீச்சிடும் ஜோடியையே வாங்கினார். வாசலில் வண்டியைக் கிளப்புமுன் என்னிடம், “நடக்க அந்த மெத்து ஜோடிதான் சுகம் சார். ஆனா கையும் களவுமா பிடிச்சா திட்டணும். திட்டினா ஞாயித்துக்கிழமை பெஞ்செல்லாம் காலி” என்றார்.

பட்டறைக்காரரின் கிசுகிசுப்பு அவர் காதில் விழுந்ததா, இல்லை அந்தச் சத்தத்துக்காகவே கடைக்கு வந்தாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.