இட்லித் தட்டும் கொண்டைக்கடலையும்

என் மகள் போகும் ப்ளே ஸ்கூலில் கை, கால், வாயெல்லாம் கொப்புளம் கிளம்பும் காய்ச்சல் பரவியதால் ஒரு வாரம் மூடிவிட்டார்கள். அவளுக்கு அப்போது நாலு வயது. மனைவிக்கு ஏழாம் மாதம். பாத்ரூம் போவதைத் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் படுக்கையிலேயே இருந்தாள். ஆம்பூரிலிருந்து மாமியார் வந்து சேர இன்னும் நாள் இருந்தது. பெங்களூர் வைட்ஃபீல்டில் எங்கள் எட்டாவது மாடி வீட்டில் சமையல், ஆபீஸ், குழந்தை எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான்.

பள்ளி மூடினாலும் பாடம் நிற்கவில்லை. காலையில் வாட்ஸாப் குரூப்பில் மிஸ் ஒரு ஆக்டிவிட்டி அனுப்புவார். பிள்ளைகள் கையால் செய்து கற்றுக்கொள்ள வேண்டும். மத்தியானத்துக்குள் மற்ற பெற்றோர்கள் போட்டோக்களைக் கொட்டிவிடுவார்கள். அவற்றில் குழந்தைகள் சிந்தாமல் சிதறாமல் சிரித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. தம்ளரிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்ன நாளில் ஹால் முழுக்க ஈரம். சப்பாத்தி மாவில் எழுத்து செய்யச் சொன்னபோது அவள் பாம்பு செய்தாள். மிச்ச மாவுதான் அந்தப் பாம்பின் அம்மாவாம், அதை நான் சப்பாத்தியாகச் சுட்டுவிட்டேன் என்று அரை மணி நேரம் அழுதாள். அந்த அழுகையை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவாக நின்றது.

அன்றைக்கு வந்தது தானியம் பிரிப்பது. கொண்டைக்கடலை, ராஜ்மா, பச்சைப்பயறு மூன்றையும் கலந்து வைத்து, குழந்தையைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். கிண்ணத்துக்குப் பதில் இட்லித் தட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொன்று. ஆச்சரியமாக, அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். முதல் தடவையாக ஒரு போட்டோ எடுத்தேன். அப்போது ஆபீஸ் மீட்டிங்கில் என் முறை வந்தது. லேப்டாப் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"அப்பா, ஒரு கடலை உள்ள போயிடுச்சு."

"எதுக்குள்ள?"

மூக்கைக் காட்டினாள். பெருமையாகத்தான் காட்டினாள்.

போனில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது மூக்கில், நன்றாக உள்ளே, வெளிறிய ஒரு விளிம்பு தெரிந்தது. விரலை விட்டால் இன்னும் தள்ளிவிடும். "ஊதும்மா, ஃபூன்னு மூக்கால ஊது" என்றேன். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். விளிம்பு மறைந்தது. நிறங்கள் தெரியும், இருபது வரை எண்ணத் தெரியும், மூன்று மொழியில் நன்றி சொல்லத் தெரியும். மூக்கைச் சிந்த அவளுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல். சொன்னேன். கட்டில் கிறீச்சிட்டது.

"நீ எந்திரிக்காத!" என்று கத்தினேன். கத்தியதில் குழந்தை அழ ஆரம்பித்தாள். அழுதால் மூக்கை உறிஞ்சுவாள். உறிஞ்சினால் கடலை உள்ளே போகும், ஈரத்தில் ஊறிப் பெருக்கும். இவளைத் தூக்குவதா, அவளைப் படுக்க வைப்பதா என்று தெரியாமல் இரண்டு அறைக்கும் நடுவில் நின்றேன்.

சத்தம் கேட்டு எதிர் வீட்டு ஆன்ட்டி வந்தார். கன்னடக்காரர், ஆனால் எங்களோடு தமிழ்தான் பேசுவார். "நீங்க ஹோகி, ஹோகி, போங்க. நான் இவங்க கூட இருக்கேன்" என்று என்னை வாசல் பக்கம் தள்ளினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, காலில் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் மெட்ரோ பாலத்துக்குக் கீழே வண்டிகள் அப்படியே உறைந்து நின்றன. ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தியே வைத்திருந்தார். முன்னால் இருந்த ஆபீஸ் பஸ் அசையவில்லை. அசைய இடமும் இல்லை. "வாயால மூச்சு விடு கண்ணு, வாயால" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்குள் அவளுக்கு அழுகை அடங்கியிருந்தது.

"அப்பா, மிஸ்ஸுக்கு போட்டோ அனுப்பிட்டியா?"

"அனுப்பலாம்மா."

"மிஸ் ஸ்டார் குடுப்பாங்களா?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் சின்ன வயசுப் பெண். கருவி எடுப்பதற்கு முன்னால் என்னையே ஒரு முயற்சி செய்யச் சொன்னார். குழந்தையின் இடது மூக்கை அடைத்துக்கொண்டு, அவள் வாயோடு வாய் வைத்து ஒரே வேகத்தில் ஊத வேண்டும். பல சமயம் அதிலேயே வெளியே வந்துவிடுமாம். நான் முத்தம் கொடுக்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்து முகத்தைத் திருப்பினாள். மறுபடி ஊதியபோது பல் என் உதட்டில் பட்டது. காற்றெல்லாம் பக்கவாட்டில் போயிற்று. "பரவாயில்ல, விடுங்க" என்றார் டாக்டர்.

ஒரு துணியில் அவளைக் கழுத்து வரைக்கும் சுற்றினார்கள். நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். கையை நான் பிடிக்க வேண்டும். அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கே இருந்ததோ, துணிக்குள் மீன் மாதிரித் துள்ளினாள்.

"அப்பா, வேணாம்னு சொல்லு! நீ சொல்லுப்பா!"

டாக்டரிடம் அவள் கேட்கவில்லை, நர்ஸிடம் கேட்கவில்லை. என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் இன்னும் அழுத்திப் பிடித்தேன். வளைந்த கம்பி உள்ளே போயிற்று. முதலில் பாதிக் கடலை வந்தது, பிறகு மீதி, கூடவே கொஞ்சம் ரத்தம். "ஆயிடுச்சு" என்றார் டாக்டர். கையை விட்டதும் அவள் என்னிடம் வரவில்லை. நர்ஸின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அம்மாவிடம் போய் ஒட்டிப் படுத்தாள். "வலிச்சுதா கண்ணு?" என்று மனைவி கேட்டாள்.

"அப்பா என்னப் புடிச்சுக்கிட்டாரு" என்றாள்.

மனைவி என்னைப் பார்த்து, "நான் இருந்திருந்தாலும் புடிச்சுத்தான் இருப்பேன்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. குரூப்பையும் திறக்கவில்லை. அவளே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். கரடிப் பொம்மையைத் துண்டில் சுற்றிக் கட்டிலில் கிடத்துவாள், ஸ்பூனை எடுத்துக்கொள்வாள். "அப்பா, நீ வா. கையப் புடி" என்று கூப்பிடுவாள். மீட்டிங்கின் நடுவில் எழுந்து போய்ப் பிடிப்பேன். கரடி கத்தும். அவள்தான் கரடிக்காகக் கத்துவாள். பிறகு "ஆயிடுச்சு" என்று துண்டை அவிழ்ப்பாள். இது அவள் மனசுக்கு நல்லதா, அந்தப் புண்ணைத் திரும்பத் திரும்பக் கிளறுகிறதா? மறுக்கலாமா, கூடாதா? மனைவிக்கும் தெரியவில்லை. கூப்பிட்ட போதெல்லாம் போனேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் அது தானாக நின்றது. தலையணைகளை வரிசையாகப் போட்டு, பஸ் கிளம்புகிறது என்றாள். முன்னால் போய் உட்காரப் போனேன்.

"அது டிரைவர் எடம். நீ பின்னாடி உக்காரு."

பின்னாடி போய் உட்கார்ந்தேன். எங்கே போகிறோம் என்று அவள் சொல்லவில்லை.