மூடிக் கெடந்த வருஷத்துப் போஞ்சி

அந்த மாசம் முழுக்க எனக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளல. கதிரையில ஒக்காந்தா எந்திரிக்கத் தோணும், எந்திரிச்சா மழையப் பாத்துட்டுத் திரும்ப வந்து ஒக்காரத் தோணும். எங்க லிந்துலை மலையில மழை வேற, விடுவேனாங்குது.

யாரு வேலை செய்யிறவங்க, யாரு இல்லைன்னு வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதுற கணக்கெடுப்புல எனக்கு வேலை. அதோட விதிய மாத்திட்டாங்க. விக்கிறதுக்கு மரக்கறி போட்டாத்தான் இனி அது வேலை, வீட்டுச் சாப்பாட்டுக்குப் போட்டா இல்லையாம். இந்தப் புது விதிய நான் பழைய வருஷங்களுக்கும் போட்டுப் பின்னால கொண்டு போகணும். அப்பத்தான் அன்னைக்கு இருந்ததையும் இன்னைக்கு இருக்கிறதையும் ஒப்பிடலாம்.

எங்க தேயிலைத் தோட்டம் மூடிக் கெடந்த வருஷங்களுக்கு வந்ததும் பட்டியலத் திரும்பத் திரும்பப் பாத்தேன். நம்ம பொம்பளைங்க கொத்துக் கொத்தா வேலை இல்லாதவங்க பக்கம் போய் விழுறாங்க. போட்ட மரக்கறி விக்கவா, வீட்டுக்கான்னு அப்ப கேட்டதுக்கு எல்லாரும் சொன்ன பதில் ஒண்ணுதான், வீட்டுக்குத்தான்னு.

அட பாவமே, அது பொய்யின்னு எனக்குத் தெரியாதா? எங்க லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால, தோட்டத்து நெலத்துல அம்மா போட்ட போஞ்சிக் காய மூட்டை கட்டி, லொறிக்கு ஏத்த ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போனவ நான். விக்கிறோம்னு தெரிஞ்சா தோட்டத்து ஆபிஸ்ல அந்தக் காணியப் புடுங்கிடுவாங்கன்னு பயம். அதனால பேனாவோட யாரு வந்தாலும் "வீட்டுக்குத்தாங்க"ன்னு சொல்ல லயமே பழகியிருந்துச்சு. கணக்கெடுக்க வந்த பொண்ணுகிட்டயும் அம்மா அதையேதான் சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.

கணக்கெடுப்புக்கு மேலதிகாரியா இருக்கிற எங்க சேருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "அவங்க சொல்லாதத நாம எழுத முடியாது மகள். அப்ப இருந்தவங்களத் திரும்பக் கேட்டு வாங்க, பாப்போம்"ன்னாரு. நியாயந்தான். அதனாலயே இன்னும் ஆத்திரம் வந்துச்சு.

மொத ஆளா அம்மாவத்தான் கேட்டேன். அடுப்படியில ரொட்டி தட்டிட்டு இருந்தாங்க.

"தோட்டம் மூடியிருந்தப்ப போஞ்சி வித்தீங்கள்லம்மா? வித்தோம்னு சொல்லுங்க, எழுதணும். இல்லாட்டி அந்த வருஷமெல்லாம் நீங்க சும்மா இருந்ததா ஆயிடும்."

அம்மா என் கையில இருந்த பேனாவப் பாத்தாங்க. எந்திரிச்சுப் போய் வாசப்பக்கம் எட்டிப் பாத்துட்டு வந்தாங்க.

"வீட்டுக்குத்தான்னே எழுது புள்ள. காணி இன்னும் நம்ம பேருல இல்லையே."