திரையில் முப்பத்தேழரை

அலுவலகத்தில் அவளுக்கு ‘வெடி’ என்று பட்டப்பெயர். அன்று காலையிலேயே திரி பற்றியிருந்தது.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டிக்கு நிரல் எழுதுபவள் அவள். புதுப் பெட்டி போய்ச் சேர்ந்த வார்டில் அவளுடைய அக்கா நர்ஸ். பொம்மையைப் படுக்கவைத்துச் சோதித்தபோது சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அலாரம் மூச்சு விடவில்லை. திரையிலோ அலாரம் அடிக்க வேண்டிய வரம்பு முப்பத்தேழரை டிகிரி என்று அழகாகத் தெரிந்தது. அப்படியானால் அலாரத்தை நர்ஸ்தான் அணைத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பழியை அக்கா தலையில் கட்டிவிட்டார்கள்.

“நான் தொடவே இல்லடி,” என்று போனில் அழுதாள் அக்கா. “நாளைக்கு விசாரணையாம். வேலையே போயிடும் போலிருக்கு.”

போனை வைத்ததும் அவள் நிரலைத் திறந்து வரி வரியாகத் தேடித் தவற்றைக் கண்டுபிடித்தாள்.

எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான அடிப்படை நிரலான பேஸ் கிளாஸை எழுதியவர் டீம் லீடர். அதன் கன்ஸ்ட்ரக்டர், அதாவது பெட்டியை இயக்கியதுமே முதலில் ஓடும் பகுதி, அலாரத்தை அமைக்கும் ஃபங்ஷன் என்ற சிறு நிரல்பகுதியைக் கூப்பிடுகிறது. அந்த ஃபங்ஷனைக் குறைமாதப் பெட்டிக்காக அவள் ஓவர்ரைடு செய்து மாற்றி எழுதியிருந்தாள். அதனால் ஓடியது அவளுடையது. ஆனால் குறைமாதப் பெட்டிக்கென்று அவள் எழுதிய கிளாஸில் முப்பத்தேழரை வந்து உட்காருவது, பேஸ் கிளாஸின் வேலை முடிந்த பிறகுதான். அதுவரை அங்கே இருப்பது பூஜ்யம். பூஜ்யம் வந்தால் அலாரமே வேண்டாம் என்று சென்சார் எடுத்துக்கொள்ளும். பின்னால் வந்த முப்பத்தேழரை திரைக்குப் போனதே தவிர சென்சாருக்குப் போகவில்லை. வாணலியை வைக்கும் முன்பே அடுப்பில் எண்ணெயை ஊற்றிய கதை.

அவள் போய்ச் சொன்னபோது லீடர் அசரவில்லை. “எட்டு வருஷமா ஓடுற கிளாஸ்மா அது. நீ ஏன் ஓவர்ரைடு பண்ணின?”

“பண்றதுக்குத்தானே சார் திறந்து வச்சிருக்கீங்க! கன்ஸ்ட்ரக்டர்லயே கூப்பிடுவீங்கன்னு எங்கயாவது ஒரு வரி சொன்னீங்களா?”

“கத்தாத. அந்த வரியை அங்கிருந்து எடுத்துடறேன். அடுத்த வெர்ஷன்ல கமுக்கமா போயிடும். ஆஸ்பத்திரிக்கு எதுக்குத் தெரியணும்?”

“அப்போ எங்க அக்கா?”

“அது அவங்க நிர்வாகத்தோட விஷயம்.”

என்ன நெஞ்சழுத்தம்! நாளை அந்தப் பெட்டியில் பொம்மையா கிடக்கும்? கத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று அடங்கினாள். அடுத்த மேசைக்காரர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். வார்டின் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அலாரம் அடிக்காததுக்கு நர்ஸ் காரணம் இல்லைங்க. தப்பு எங்க நிரல்ல. தயவுசெஞ்சு எந்தக் குழந்தையையும் அதுல வைக்காதீங்க.”

“யாரு, பெட்டி கம்பெனியில இருக்கிற அவளோட தங்கச்சியா? அக்காவைக் காப்பாத்தப் பேசறியாக்கும்?”

“தங்கச்சிதான். அந்தத் தப்புல பாதியை எழுதினவளும் நான்தான்,” என்று போனை லீடர் முன்னால் நீட்டினாள். “மீதியை எழுதினவர் இதோ இருக்கார். அவர்கிட்டயே கேளுங்க.”