இடுப்பளவுத் தண்ணீர்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளட்டும். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

ஏரிக்கரையில் இருந்தது மூன்று பேர். வேலமர நிழலில், கவிழ்த்த பக்கெட்டின் மேல் நந்தகுமார். பைக் சீட்டில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கோகுல்ராஜ். மதகுச் சுவரில் நான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

கோபம் வராதா? கோகுல்ராஜ் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவன். மாதக்கணக்கில் வடநாட்டில் போர் போட்டுவிட்டு, சித்திரையில் நாலு நாள் லீவில் வந்திருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு விரால் பிடிக்கப் போவதென்று திட்டம் போட்டவன் நான். திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவே எந்த ஏரியில் தாமரை அடர்த்தி, காற்று எந்தப் பக்கம், முள் வைத்த ரப்பர் தவளை இரையில் எந்த நிறத்தை மாட்டுவது... எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். விடியலில் விரால் கரையோரம் மேயும். வெயில் ஏறிவிட்டால் நடு ஏரிக்குப் போய்விடும். அதனால் சூரியன் வருமுன் முதல் வீச்சு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

நந்தகுமார் வந்தது உச்சிவெயிலில். தூண்டில் ராடுகள் மூன்றும் அவன் வீட்டில்.

"என்றா, மத்தியானச் சோத்துக்கு வந்தியா?"

"அலாரம் அடிக்கலடா மாப்ள."

"அது அடிக்கல. நாந்தான் உன்னைய அடிக்கோணும்."

கோகுல்ராஜ் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரையிலிருந்தே வீசினோம். ஒன்றும் கடிக்கவில்லை. காற்று நின்றது. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை.

"அங்க பாரு, ஒருத்தர் நிக்கறாரு" என்றான் கோகுல்ராஜ்.

தாமரைக்கு இந்தப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் ஆள். நீலச் சட்டை. கையில் மூங்கில் தூண்டில். முதுகு எங்கள் பக்கம்.

விரால் தேடி அலைகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தெரியாத ஏரியில் கோல் விட்டு ஆழம் பார்க்க மாட்டோம். உள்ளே நிற்கிற ஆளைப் பார்ப்போம். அவர் இடுப்பளவில் நின்றால், அதுவரை இடுப்பளவுதான்.

"அண்ணா, கடிக்குதுங்களா?" நந்தகுமார் கத்தினான்.

ஆள் திரும்பவில்லை. பதில் மட்டும் வந்தது.

"வா சாமி... இடுப்பளவுதான்."

அவர் நின்றது எண்பது அடிக்கு அப்பால். குரல் கேட்டது என் காதோரம்.

நந்தகுமார் இறங்கிவிட்டான்.

"தண்ணிக்குள்ள எறங்கக் கூடாதுன்னு சொன்னனில்ல? வாடா மேல!" என்று கத்தினேன்.

"கம்முனு இரு. ரெண்டு விராலோட வாரேன்."

முழங்கால். தொடை. இடுப்பு.

நான் அந்த ஆளையே பார்த்தேன். தூண்டிலை வீசினார். விழுந்த சத்தம் இல்லை. தண்ணீரில் வளையம் இல்லை. நந்தகுமார் கிளப்பிய அலை விரிந்து விரிந்து அவரிடம் போனது...

அவரில் மோதவில்லை.

அவர் வழியாகவே போனது.

"நந்தா!"

குபுக்.

தொப்பி மட்டும் மிதந்தது.

ஒரு கை மேலே வந்தது. தூண்டிலை வீசினேன். தவளை அவனைத் தாண்டி விழுந்தது. சுண்டினேன். முள் சட்டையில் ஏறியது. நானும் கோகுல்ராஜும் தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தோம். விரல் அறுந்து ரத்தம் வந்தது.

எதிர்ப்பக்கமும் இழுத்தது.

சட்டென்று விட்டது.

நந்தகுமாரைக் கரையில் போட்டு நிமிர்ந்தேன். அந்த ஆள் இப்போது எங்களைப் பார்த்து நின்றார். அப்படியே இறங்கினார். மார்பு... கழுத்து...

தண்ணீர் அசையவில்லை.

எங்கள் கூச்சல் கேட்டு, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அத்தாயி என்ற அம்மாள் ஓடி வந்தார்.

"எவன்டா அங்க எறங்கச் சொன்னது? மண்ணு வெட்டுன குழிடா அது! லாரி லாரியா அள்ளீட்டு, மூடாமப் போயிட்டானுங்க. மூணு ஆள் ஒசரம்!"

"ஒருத்தர் நின்னாருங்க அங்க..." என்றான் கோகுல்ராஜ்.

அந்த அம்மாள் குழி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போன ஆவணில ஜலகண்டாபுரத்துத் தறிக்காரரு ஒருத்தரு மீன் புடிக்க வந்து போய்ச் சேந்துட்டாரு. பொணம் மெதக்கவே இல்ல. முங்கிப் பாத்தா, சேத்துல கால் பொதஞ்சு, நின்ன வாக்குல இருந்தாராம்."

"நீலச் சட்டைங்களா?" என்றேன்.

"அவரு போட்டிருந்தது வெள்ள. பக்கத்துலயே, தண்ணிக்கடியில இன்னொருத்தன் நின்னானாம். அவனுக்குத்தான் நீலச் சட்ட. மறுக்கா முங்கறப்ப அவனைக் காணோம். எந்தூருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல சாமி."

அன்று ஏற்பட்ட நடுக்கம் இரண்டு நாளில் போய்விட்டது. கோபம் போகவில்லை. ஏரியைத் தோண்டி விற்றவன் நன்றாக இருக்கிறான். ஓர் ஆள் செத்த பிறகும் அங்கே ஒரு முள்வேலி இல்லை, ஒரு பலகை இல்லை. கட்டுப் போட்ட விரலோடு உட்கார்ந்து கலெக்டருக்கு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். குழியின் ஆழம், இறந்தவரின் ஊர், மண் அள்ளிய விவரம்.

"பேயப் பத்தி எழுதீறாத. குப்பைல போட்ருவாங்க" என்றான் நந்தகுமார். அவன் குரல் இன்னும் சரியாகவில்லை.

எழுதவில்லை. அங்கே வைக்க வேண்டிய எச்சரிக்கைப் பலகையின் வாசகத்தை மட்டும் கடைசியில் எழுதிக் கொடுத்தேன்:

'உள்ளே யார் நின்றாலும், அவரை நம்பி இறங்காதீர்கள்.'

உறையை ஒட்டினேன். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.