இரண்டு பிளாஸ்டர்கள்

குச்சவெளியில் இறங்க வேண்டிய நான் புல்மோட்டையில் கண் விழித்தேன். பஸ் காலியாகக் கிடந்தது. கண்டக்டர் பக்கத்தில் நின்று, "டீச்சர், உங்கட பள்ளிக்கூடம் எப்பவோ போயிட்டுது" என்றார்.

மகளுக்கு அப்போது இரண்டு வயதும் இரண்டு மாதமும். இரவில் ஐந்து தடவை பாலுக்கு எழும்புவாள். பின்னேரம் லிங்கநகர் வீட்டுப் படி ஏற முன்பே என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அன்று திரும்பிப் போகிற பஸ்சுக்குக் காத்து நின்றபோதே முடிவெடுத்துவிட்டேன், இனிப் பால் இல்லை.

வீடு வீடாக வந்து தாய் பிள்ளைகளைப் பார்க்கிற எங்கள் பகுதி மருத்துவ மாது வழி சொல்லத்தான் செய்தார். "ஒரேயடியா நிப்பாட்டாதீங்கோ. முதல்ல ஒரு நேரத்தை விடுங்கோ. பிள்ளை பழகினாப்பிறகு அடுத்ததை விடலாம்." நல்ல புத்திதான். ஆனால் நான் அரை வேக்காட்டிலேயே சோற்றை இறக்கி வைக்கிற ஆள்.

சனிக்கிழமை காலை நெஞ்சில் இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, "அம்மாக்கு நோகுது" என்றேன். அழுவாள், உருளுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். ஊதிவிட்டாள். பிறகு ஓடிப்போய், தனக்கு நுளம்பு கடித்தால் பூசுகிற கிறீமைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அதன்பின் பாலே கேட்கவில்லை. "அம்மாக்கு சுகமா?" என்று மட்டும் நாளுக்குப் பத்துத் தரம் கேட்டாள். "இன்னும் இல்லை" என்பேன். மடியில் ஏற வருவாள், பாதியில் நின்று தகப்பனிடம் போய்விடுவாள். என்னில் சாய்ந்தால் எனக்கு நோகுமாம். பாலை நிறுத்தப் போய்ப் பிள்ளையையே தள்ளி வைத்துவிட்டேன். இதற்குள் பால் கட்டி, நெஞ்சு உண்மையாகவே நோகத் தொடங்கியிருந்தது. உனக்கு நல்லா வேணும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சுகம் என்றால் பால் கேட்பாள். இல்லை என்றால் கிட்ட வரமாட்டாள். "உண்மையைச் சொல்லிப் பாருமன்" என்றார் கணவர். இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று அவர் மேல் சீறி விழுந்தேன். மனுஷன் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு எட்டவே நின்றாள். "சுகமா?"

நான் தரையில் இருந்துகொண்டு சட்டையைத் திறந்து காட்டினேன். பிளாஸ்டரைப் பஸ் ஏற முன்பே உரித்து எறிந்திருந்தேன். "ஓம், சுகம். அம்மா பொய் சொன்னனான் குஞ்சு. பால் முடிஞ்சுது. மடி இருக்கு, வா."

வந்து ஏறினாள். ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். கேட்டால் மறுக்க எனக்கு ஏலாது என்று தெரிந்திருந்தது. அவள் கேட்கவில்லை. சட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்துப் பிடித்தாள். "மூடு. குளிரும்" என்றாள். குளிப்பாட்டியதும் நான் அவளுக்குச் சொல்வது அது. வெளியே தார் உருகுகிற வெயில். நான் சொல்வழி கேட்டு ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினேன்.

பிறகு தலையைப் பொத்தென்று என் நெஞ்சில் போட்டு, முழுப் பாரத்தோடும் சாய்ந்தாள். உயிர் போகிற மாதிரி நொந்தது. நான் மூச்சு விடவில்லை.