இந்தப் படத்தில் இருப்பவர் அப்பா அல்லர்

அப்பாவின் இந்த நினைவு மலரின் நடுப்பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. தோணியின் முனையில் நின்று ஒருவர் வலை வீசுகிறார். அப்பாவை அப்படியே வரைந்திருக்கிறார்கள் என்று உங்களில் பலர் இதற்குள் சொல்லியிருப்பீர்கள். அவர் அப்பா அல்லர். அதைச் சொல்லத்தான் அப்பாவின் மூத்த மகளான நான் இதை எழுதுகிறேன்.

அப்பா பெரியகல்லாற்றில் பிறந்தவர். மீசை அரும்பும் முன்பே தகப்பனை இழந்தவர். தங்கையையும் தம்பியையும் தான் மீன் பிடித்த வாவிதான் வளர்த்தது என்பார். உண்மையில் வளர்த்தவர் அவர்தான். நாக்கு கொஞ்சம் நீளம். ஆனால் கறியில் உப்புக் குறைந்தால் சட்டியைத்தான் ஏசுவார், அம்மாவை ஏசமாட்டார். அவருக்கு இடது கைப் பழக்கம், சித்தப்பாவுக்கு வலது கை. ஒரே தோணியில் நின்று ஆளுக்கொரு பக்கமாக வலை வீசுவார்கள். முகம் இருவருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். கரைக்கு இறால் வாங்க வருகிறவர்கள், வீசுகிற கையைப் பார்த்துத்தான் அண்ணன் யார், தம்பி யார் என்று அறிந்துகொள்வார்களாம்.

போர் நடந்த பிரச்சினைக் காலத்தில், ஓட்டமாவடியில் நெல் மூட்டை ஏற்றும் வேலைக்கென்று பஸ் ஏறிய சித்தப்பா திரும்பி வரவில்லை. அப்பா தேடாத இடமில்லை. பிறகு, கடல் ஊருக்குள் வந்த அன்று வீட்டிலிருந்த புகைப்படங்களும் போய்விட்டன. சித்தப்பாவின் முகம் இதுதான் என்று காட்ட எங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அப்பாவின் தங்கையான எங்கள் மாமி, "அவனுக்கும் ஒரு படையல் வைப்பம் அண்ணே" என்பார். அப்பா தோணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓவியம் படிக்கும் பிள்ளை ஒருத்தி எங்கள் வீட்டு அறையில் வாடகைக்கு இருந்தாள். அப்பா வலை வீசுவதைக் கரையில் இருந்து பார்த்துப் பார்த்துச் செம்புத் தகட்டில் கீறினாள். கீறிய கோடுகளை அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசி, கடதாசியில் அச்செடுத்தாள். ஆசையோடு கொண்டுவந்து காட்டியபோது மாமிதான் முதலில் கண்டுபிடித்தார்.

"என்னகா இது? அண்ணன் எந்தக் காலத்தில வலக்கையால வீசினவர்?"

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "தகட்டில கீறினது கடதாசியில இடம்வலம் மாறித்தான் விழும் மாமி. நான் மாத்திக் கீறியிருக்கணும், மறந்துபோனன். வேற ஒண்டு செஞ்சு தாறன் ஐயா."

அப்பா படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"வேண்டாம் மகள்," என்றார் பிறகு. "இது எண்ட தம்பி."

அதற்குப் பிறகுதான் நான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தேன். வாவியை அவள் கீறவேயில்லை. வெறும் வெள்ளையாக விட்டிருந்தாள். முதுகில் மட்டும் மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. வலை கையை விட்டுப் போய்விட்டது, விரல்கள் இன்னும் விரிந்தபடி இருக்கின்றன. சித்தப்பா போனபோது நான் சிறுமி. என்னைத் தோளில் தூக்கி வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டு கரைக்குக் கூட்டிப்போவார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா படத்துக்குச் சட்டம் போட்டார். பின்னாளில் காலமான உறவினரின் மாலை போட்ட படங்களோடு அதை மாட்டவில்லை. வாசலுக்கு நேரே மாட்டினார். வெளியே போகும்போதெல்லாம் அதைப் பார்த்து "வாறன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

நோய் முற்றி அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, மாமி மறுபடியும் கேட்டார். "இனியாவது அவனுக்கு ஒரு மாலை போடுவமே அண்ணே. நீங்களும் போனா அவனுக்கு ஆர் செய்யிற?"

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் போடு மகள். அவனுக்குப் போட்டிராத. அவன் வருவான் எண்டு நான் சொல்லல்ல. வரமாட்டான் எண்டும் ஆரும் எனக்குச் சொல்லல்லையே."

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு மாமி இரண்டு மாலை சொல்லி வைத்திருந்தார். இரண்டும் அப்பாவுக்கே என்று சொல்லிவிட்டேன். மாமி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கேட்காமலே வாகனம் அனுப்பிவைத்த ஏறாவூர் நண்பருக்கும், பந்தல் போட்டு, பாடை சுமந்து, எங்களைச் சாப்பிட வைத்த உறவுகளுக்கும் அயலவருக்கும், படத்தை இங்கே அச்சிட மனமுவந்து அனுமதித்த அந்தப் பிள்ளைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஓர் உதவி கேட்கிறோம். நடுப்பக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். சித்தப்பாவுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். அட்டையில் இருக்கும் அப்பாவின் முகம்போலவே இருப்பார். அப்படி ஒருவரை எங்கேனும் கண்டால், பெரியகல்லாற்றில் வீடு அப்படியே இருக்கிறது என்று சொல்லுங்கள். அண்ணன் காலமான செய்தியை மட்டும் சொல்லிவிட வேண்டாம். அதை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.